மகனுக்கு இல்லை, மருமகனுக்கு!

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் எல்லாருமே ஒரே அவசரத்தில்தான் போகிறார்கள். சூரியன் கடலிலிருந்து கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு அது கடலில் இறங்குவதையும் பார்த்துவிட வேண்டும். நடுவில் கொஞ்சம் சங்குமாலை, கொஞ்சம் கலர் மணல், ஒரு போட்டோ. பிறகு ரயிலேறித் திரும்பி விடுகிறார்கள். வழியில் பச்சைப் பசேலென்று ஒரு நாடு கிடந்ததே, அதைக் கவனித்தீர்களா என்று கேட்டால், "ஆமாம், ஏதோ வயலும் தென்னையும் தெரிந்தது" என்பார்கள்.

அந்த "ஏதோ வயலும் தென்னையும்" தான் நாஞ்சில் நாடு. நீங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட காடும் செம்மண்ணுமாகக் கண் எரிந்துகொண்டே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முகத்தில் அறையும். இருபுறமும் காற்றாலைகள் ராட்சதக் கைகளை வீசிச் சுற்றும். கணவாயைத் தாண்டினீர்களோ இல்லையோ, யாரோ திரையை இழுத்து மாற்றின மாதிரி காட்சி மாறிவிடும். தோவாளையில் பூ வாசனை. அப்புறம் வயல், குளம், வாழை, மறுபடி வயல். தோவாளை, அகஸ்தீசுவரம் என்ற இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றாலே கலப்பை என்று அர்த்தம். பெயர் வைத்தவர் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்!

இங்கே இரண்டு போகம் நெல். கன்னி மாதத்தில் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதத்தில் அறுப்பது கும்பப்பூ. மாதப் பெயர்களைக் கேட்டதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும், இந்த ஊர் ரொம்ப நாள் மலையாளத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வாழ்ந்த ஊர் என்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் இது திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. அன்றைக்குத்தான் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. பேசுவது தமிழ், கும்பிடுவது சுசீந்திரம் தாணுமாலயனை, ஆனால் இலையில் விழுவது எரிசேரியும் ஓலனும் தீயலும்! கடைசியில் அடைப் பிரதமன். மட்டிப் பழம் என்று விரல் பருமனில் ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள். அதன் வாசனைக்காகவே இன்னொரு முறை வரலாம். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது.

சாப்பாட்டுப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நான் சொல்ல வந்தது சொத்துப் பேச்சு.

சென்னையிலோ மதுரையிலோ, திருச்சியிலோ, ஒரு வீட்டில் அப்பா காலமானால் சொத்து யாருக்குப் போகும்? இது என்ன கேள்வி, பிள்ளைகளுக்குத்தான் என்பீர்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பெரும் பகுதியாரிடம் இதே கேள்வியை நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், "மருமகனுக்கு" என்று பதில் வந்திருக்கும். மருமகன் என்றால் பெண்ணைக் கட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். உடன்பிறந்த சகோதரியின் பிள்ளை. தமிழில் இரண்டு பேருக்கும் ஒரே பெயராக இருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கதை பாதி புரியாமலே போய்விடுகிறது.

இதற்குத்தான் மருமக்கள் வழி என்று பெயர். அதே நாட்டில், அதே தெருவில், மக்கள் வழி வேளாளரும் இருந்தார்கள். அவர்களுக்கு நம்மைப் போல அப்பன் சொத்து பிள்ளைக்கு. எதிரும் புதிருமான இரண்டு வீடுகள். இரண்டிலும் ஒரே நெல், ஒரே சமையல், ஒரே முத்தாரம்மன். ஆனால் வீட்டுத் தலைவர் கண்ணை மூடியதும் ஒரு வீட்டில் மகன் சாவியை எடுப்பான். மற்ற வீட்டில் வேறு ஊரிலிருந்து மருமகன் வந்து சாவியை எடுப்பான்.

மருமக்கள் வழிக் குடும்பத்தின் தலைவருக்குக் காரணவர் என்று பெயர். அவருக்கு அடுத்து உரிமையுள்ளவன் அனந்தரவன். ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர்கள், அந்தத் தாயின் பெண்களுக்குப் பிறந்தவர்கள், அந்தப் பெண்களின் பெண்களுக்குப் பிறந்தவர்கள் என்று கொடி பெண் வழியாகவே படரும். ஆணும் அந்தக் கொடியில் காய்க்கும் காய்தான். ஆனால் அவனிடமிருந்து கொடி தொடராது. அவன் பெற்ற பிள்ளைகள் அவன் மனைவியின் கொடியைச் சேர்ந்தவர்கள். அதாவது, மாமனும் மருமகனும் ஒரே குடும்பம். அப்பாவும் பிள்ளையும் வேறு வேறு குடும்பம்!

இது ஏதோ வினோதமான குருட்டு வழக்கம் என்று நினைக்கக் கூடாது. திருவிதாங்கூர் ராஜ சிம்மாசனமே இப்படித்தான் கைமாறியது. ராஜாவின் பிள்ளை ராஜாவாக முடியாது. ராஜாவின் மருமகன்தான் பட்டத்துக்கு வருவான். 1729-இல் ராம வர்மா மகாராஜா காலமானபோது அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தார். ராம வர்மாவின் பிள்ளைகள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும், "பெற்ற பிள்ளைகள் நாங்கள் இருக்க மருமகனுக்கா?" என்று கிளம்பினார்கள். கடைசியில் நாகர்கோவிலில் அவர்கள் வெட்டுண்டு மாண்டார்கள். சரித்திரப் புத்தகம் மார்த்தாண்ட வர்மாவை நவீனத் திருவிதாங்கூரின் தந்தை என்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து வில்லுப்பாட்டில் "தம்பிமார் கதை" என்று ஒன்று உண்டு. அதில் ஜனங்களின் கண்ணீர் பெரும்பாலும் தம்பிமார் பக்கம்தான். ராஜ்யத்தை ஜெயித்தவர் ஒருவர், பாட்டை ஜெயித்தவர்கள் வேறு!

உலகத்தில் இப்படித் தாய் வழியைப் பிடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். மேகாலயாவின் காசி மலை ஜனங்களிடம் கடைக்குட்டிப் பெண்தான் தாய் வீட்டுக்குக் காவல். சுமத்ராவில் மினாங்கபாவ் என்று ஒரு ஜாதியார்; மாட்டுக் கொம்பு மாதிரி வளைந்த கூரை போட்ட பெரிய வீடு அவர்களில் பெண்களுக்கே சொந்தம். ஆப்பிரிக்காவில் உகாண்டாவிலே பகாண்டா மக்கள் இருக்கிறார்கள். சிங்கக் குலம், சிறுத்தைக் குலம், நீர்நாய்க் குலம், வெட்டுக்கிளிக் குலம், காளான் குலம் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட குலங்கள். காளான் குலத்தார் காளானைத் தொட மாட்டார்கள். வெட்டுக்கிளியை அந்த நாட்டில் வறுத்துத் தின்பது பெரிய விருந்து, ஆனால் வெட்டுக்கிளிக் குலத்தார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களில் பிள்ளைகள் அப்பா குலத்தைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் ராஜா மட்டும் விதிவிலக்கு. கபாகா என்று அழைக்கப்படும் அவர்களுடைய ராஜா தம் தாயின் குலத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படுவது பழைய வழக்கம். அதனால் எந்தக் குலத்துப் பெண்ணின் பிள்ளையும் ராஜாவாகலாம். எந்தக் குலமும், "ராஜ்யம் எங்களுக்கே பட்டா" என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? கடல் தாண்டினால் மட்டக்களப்பு. அங்கே தமிழர்களிடையே "குடி" என்பது தாய் வழியாக வருகிறது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. கோயில் உரிமைகளும் குடி குடியாக வகுத்து வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். மாப்பிள்ளை மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்வார்.

இந்த இடத்தில்தான், வாசகியரே, நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். தாய் வழி என்று கேட்டதுமே, "ஆகா, பெண்களுக்குப் பொற்காலம்" என்று நானும் நினைத்தேன். மட்டக்களப்பில் பெண் தன் வீட்டிலே இருக்கிறாள். மலையாளத்து நாயர் தறவாட்டிலும் பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். புருஷன்தான் வந்து போவான். கணவன் இறந்தாலும் விலகினாலும் அவள் தலைக்கு மேலே இருக்கிற கூரை அப்படியே இருக்கும். நாஞ்சில் நாட்டிலோ சொத்துக் கணக்கு மலையாளத்துப் பாணி. குடித்தனம் தமிழ்ப் பாணி! கல்யாணமானதும் பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே மாமியாருக்கு அடங்கி, அரங்கையும் அடுக்களையையும் மெழுகி, பிள்ளைகளைப் பெற்று வளர்க்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ வாரிசு உரிமை கிடையாது. அவர்கள் வேறு கொடி. வீட்டுக்கு உரியவர்கள் அவள் நாத்தனாரின் பிள்ளைகள்.

இரண்டு முறைகளிலும் இருக்கிற கஷ்டத்தை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பெண்ணின் தலையில் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

பழைய நாஞ்சில் நாட்டு வீடு ஒன்றை இன்றும் நீங்கள் உள் கிராமங்களில் பார்க்கலாம். முன்னால் படிப்புரை. அப்புறம் பட்டாசல் என்கிற கூடம். உள்ளே ஒரு இருட்டறை, அதுதான் அரங்கு. நகையும் பாத்திரமும் பத்திரமும் இருக்கிற இடம். நெல் கொட்டி வைக்கிற பத்தாயம் ஒன்று, ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம். இந்த வீட்டில் அதிகாரம் என்பது அரங்குச் சாவியும் பத்தாயச் சாவியும்தான். காரணவர் உயிரோடிருக்கும் வரையில் சாவி அவர் மனைவி இடுப்பில் இருக்கலாம். அது இரவல் சாவி.

பூதப்பாண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு வீட்டுப் படிப்புரையில் எண்பது தாண்டிய ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். (இங்கே வயதான அம்மாளை ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும்.) மருமக்கள் வழியைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார்.

"அதெல்லாம் எங்க அம்மை காலத்திலேயே போச்சுல்லா, மக்கா. எங்க ஆச்சிதான் அதிலே கெடந்து சீரழிஞ்சா."

"என்ன ஆச்சு, ஆச்சி?"

"பாட்டா செத்துப் பதினாறு கழியதுக்கு முன்னே அவருக்க மருமக்கமாரு வந்தாவளாம். பத்தாயத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே சொருவியாச்சு. உள்ளே நெல்லு நெறஞ்சு கெடக்கு. அறுத்து, சுமந்து, காயப்போட்டு உள்ளே தட்டினவ அவதான். அண்ணைக்கு ராத்திரி பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க அடுத்த வீட்டிலே நாழி அரிசி கடன் வாங்கினாளாம்."

"பிறகு?"

"பொறவென்ன? கூடப்பொறந்தான் வீட்டுக்குப் போனா. அங்கே மயினி மொகத்தைப் பார்க்கணுமே!"

மயினி என்றால் அண்ணன் மனைவி. ஆச்சி அதற்கு மேல் விளக்கவில்லை, எனக்கு விளங்கியது. அந்த மயினியும் பாவம்தான். ஏனென்றால் கைம்பெண்ணாக வந்து இறங்கியிருக்கிற நாத்தனாரோடு கூட வந்த சின்னப் பையன்கள் யார்? நாளைக்கு மயினியின் புருஷன் கண்ணை மூடினால், அவளையும் அவள் குழந்தைகளையும் வெளியே அனுப்பப் போகிறவர்கள்! தன் குழந்தைகளின் வாயில் மண் போடப்போகிற பையன்களுக்குத் தானே சோறு வடித்துப் போட வேண்டும். மாமியார் மருமகள் சண்டை, நாத்தனார் சண்டை எல்லாம் எந்த ஊரில் இல்லை? ஆனால் இங்கே ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் ஒரு பத்திரம் இருந்தது. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியவில்லை. அண்ணன் தங்கையின் பிள்ளைகளைக் காப்பாற்றினால் மனைவியின் பிள்ளைகள் தெருவில். மனைவியின் பிள்ளைகளுக்கு ரகசியமாக ஏதாவது எழுதி வைத்தால் மருமக்கள் கோர்ட்டில்.

மனைவி மக்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உகந்துடைமை என்று ஒன்று இருந்தது. தகப்பன் சொத்தில் ஒரு சிறு பங்கு, மிஞ்சினால் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் போகலாம். நங்குடைமை என்று இன்னொன்று, கைம்பெண்ணுக்கும் விலக்கிவிடப்பட்ட மனைவிக்கும் பிழைப்புக்காகக் கொடுப்பது. பேர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்க வேண்டியவர் யார்? சாவியை இடுப்பில் சொருகிய அதே மருமக்கள். அதனால் கோர்ட்டு வாசலில் கூட்டம் குறையவில்லை.

இன்னொரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மாமன் மகளை மருமகனுக்கே கட்டி வைத்துவிடுவது! அப்போது சொத்தும் மருமகனுக்குப் போகிறது. மகளும் அதே வீட்டில் எஜமானியாக இருக்கிறாள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று நாம் பாசத்தைப் பற்றிக் கதை கதையாக எழுதுகிறோம். இங்கே பாசத்தோடு கொஞ்சம் கணக்கும் சேர்ந்திருந்தது. ஆனால் பாருங்கள், எத்தனை மகள்கள், எத்தனை மருமக்கள் என்பது நம் சௌகரியப்படியா அமைகிறது? மகன்களுக்கோ இந்த வழியும் இல்லை.

இவ்வளவு நடந்த நாட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லையா? திறந்தார் ஒருவர்; கோபமாக அல்ல, சிரிக்கச் சிரிக்க.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூர் என்று ஓர் ஊர். தண்ணீர்ப் பறவைகள் வந்து இறங்கும் பெரிய குளம் அங்கே உண்டு. 2022-இல் சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளை உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தத் தேரூரில் 1876-இல் பிறந்தவர்தான் தேசிக விநாயகம் பிள்ளை. நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பசுவையும் கன்றையும் பற்றிப் பாடுகிறார்களே, அந்தக் கவிமணிதான். முப்பத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். சாது. அவரை உங்களுக்கு அன்பான தாத்தாவாகத்தான் தெரியும். அவருடைய கையில் ஒரு சாட்டையும் இருந்தது என்பது நாஞ்சில் நாட்டாருக்குத்தான் தெரியும்.

"நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்" என்று அவர் ஒரு நீண்ட செய்யுள் எழுதினார். "தமிழன்" என்ற பத்திரிகையில் 1917, 1918-ஆம் வருஷங்களில் அது தொடர்ந்து வந்தது. ஆமாம், தொடர்கதை மாதிரிதான்! அடுத்த இதழ் எப்போது என்று ஜனங்கள் காத்திருந்திருப்பார்கள். மான்மியம் என்றால் ஸ்தலத்தின் பெருமையைப் பாடும் புராணம். பெயரிலேயே கிண்டல் ஆரம்பமாகிவிடுகிறது. புராணத்துக்குப் படலங்கள் உண்டல்லவா? இதற்கும் உண்டு: மாமி அரசியற் படலம், கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பியெரிச்சற் படலம்! "கோடு" என்பது மலை அல்ல, வாசகியரே, கோர்ட்டு. கோர்ட்டுப் படி ஏறிக் குடியைக் கெடுத்த கதை.

கதையைச் சொல்பவள் யார் தெரியுமா? ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. அவள் வாயாலேயே மாமியாரின் ராஜாங்கம், ஏச்சுப் பேச்சு, புருஷனின் கையாலாகாத்தனம், குழந்தைகளின் பசி, கடைசியில் எல்லாம் போய் நிற்கும் நிலைமை என்று ஒவ்வொன்றாக வருகிறது. சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், ஓரிடத்தில் சட்டென்று சிரிப்பு நின்றுவிடும். சமையற்கட்டில் நடக்கும் பேச்சை அப்படியே செய்யுளில் கொண்டு வந்திருக்கிறார். ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படி இதெல்லாம் காதில் விழுந்தது என்று எனக்கு ஆச்சரியம். 1942-இல் இது புத்தகமாகவும் வந்தது. நீதிமன்றத்தில் நூறு மனுக்கள் கொடுத்திருந்தால் கூட நாஞ்சில் நாட்டு ஜனங்கள் தங்களைக் கண்ணாடியில் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கவிமணி செய்த இன்னொரு காரியமும் இருக்கிறது; வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. அழகியபாண்டியபுரம் என்ற ஊரில் பெரிய வீட்டு முதலியார் குடும்பம் ஒன்று பல தலைமுறையாக நாட்டாண்மை செய்துவந்தது. அந்த வீட்டில் கிடந்த ஓலைச் சுவடிகளை அவர் தேடி எடுத்துப் படித்து வைத்தார். முதலியார் ஓலைகள் என்று அவற்றுக்குப் பெயர். பிற்காலத்தில் நாட்டார் வழக்காற்று அறிஞர் அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நிலம் விற்றது, வரி கட்ட முடியாமல் தவித்தது, மழை பொய்த்தது, அடிமைகளாக மனிதர்களை விற்றது என்று எல்லாமே அதில் உண்டு. பச்சை வயலைப் பார்த்து நாம் மயங்கி நிற்கிறோமே, அந்த வயலில் இறங்கி உழுதவர்களை ஓலை எழுதி விலை பேசியிருக்கிறார்கள். வேளாளர் வீட்டுப் பெண்ணுக்குச் சாவி இல்லாமல் போனது ஒரு கதை. வயலில் நின்றவளுக்கு வீடே இல்லை.

நாஞ்சில் நாட்டாருக்குக் கூட்டம் கூடிப் பேசும் பழக்கம் வெகு காலமாக உண்டு. நாட்டைப் பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரித்திருந்தார்கள். பிடாகை என்றால் சில கிராமங்கள் சேர்ந்த ஒரு தொகுதி. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வரித் தொல்லை தாங்காமல் நாட்டார் கூட்டம் கூடி, இனிமேல் அநியாய வரி கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ராஜாவையே எதிர்த்து நின்றவர்கள்! சங்க காலத்தில் நாஞ்சில் மலைக்குத் தலைவனாக இருந்தவனை ஔவையார் பாடியிருக்கிறார். கீரையோடு சேர்த்துச் சமைக்கக் கொஞ்சம் அரிசி கேட்டதற்கு அவன் ஒரு யானையைக் கொடுத்துவிட்டானாம். அரிசி கேட்ட பெண்ணுக்கு யானை கொடுத்த நாட்டில், சொந்த வீட்டுப் பெண் பத்தாயத்து அரிசிக்குக் கை ஏந்தும்படி எப்படி ஆயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

ராஜாவை எதிர்த்த ஜனங்களுக்குத் தங்கள் வீட்டு வழக்கத்தை எதிர்க்கத்தான் ரொம்ப காலம் பிடித்தது. படித்த இளைஞர்கள் கூட்டம் போட்டார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். 1925-இல் நாயர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. அடுத்து 1926-இல், கொல்லம் வருஷம் 1101-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கென்றே தனியாக ஒரு ரெகுலேஷன் வந்தது. கூட்டுச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். மனைவி மக்களுக்கும் உரிமை உண்டு என்று ஆயிற்று. ஒரு நாட்டின் ஒரு பகுதியில், ஒரு சமூகத்துக்கு என்று மட்டும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் பிரச்னை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

சட்டம் வந்ததும் அங்கங்கே பாகப் பிரிவினை ஆரம்பமாயிற்று. பெரிய பெரிய வீடுகளில் பட்டாசலுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் ஒரே கூடத்தை இரண்டாக்கி, இரண்டு பக்கமும் இரண்டு வாசல் வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்தச் சுவரின் மேல் கோபம் வரவில்லை. யாரோ ஒருத்தி தன் பிள்ளைகளோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், அதற்கு இந்தப் பக்கம்.

அப்படியானால் மருமக்கள் வழியில் நல்லதே கிடையாதா? உண்டு. பெண் குழந்தை பிறந்தால் அந்த வீடுகளில் முகம் சுளிக்கவில்லை. எப்படிச் சுளிப்பார்கள்? அவள் பிறக்காவிட்டால் குடும்பமே அற்றுப்போகுமே! "நாலு பெண்ணைப் பெற்றுவிட்டாளே" என்று நம் பக்கத்தில் பெருமூச்சு விடுகிற இடத்தில், இங்கே கொடி தழைத்தது என்று சந்தோஷப்பட வேண்டிய நிலை. பிறந்த வீட்டில் மகாலக்ஷ்மி, புகுந்த வீட்டில் அயலாள். ஒரே பெண்ணுக்கு இரண்டு வேஷம். 1926-க்குப் பிறகு இரண்டாவது வேஷம் கலைந்தது. முதல் வேஷத்தையும் அதோடு சேர்த்துக் கலைத்துவிட்டார்களோ என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வருகிறது. இப்போது இங்கேயும் சீர்வரிசை, நகை, கார் என்று மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் நீளுகிறதாம். அந்த ஆச்சியிடம் இதைக் கேட்டேன்.

"முன்னே பெண்ணு போனா சொத்து பின்னாலே வராது. இப்பம் சொத்து முன்னாலே போனாத்தான் பெண்ணு பின்னாலே போவணும்!" என்றார்.

வம்பர்கள் அந்தக் காலத்தில் மட்டும்தானா இருந்தார்கள்!

மருமக்கள் வழி அடியோடு போய்விட்டது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லி முடித்துவிட முடியாது. சட்டப் புத்தகத்தில் அதற்கு இன்னும் ஒரு மூலை இருக்கிறது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மூன்றாவது பிரிவில் மருமக்கத்தாயம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் நாயர் சட்டம், ஈழவர் சட்டம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. பதினேழாவது பிரிவு அதைவிட வேடிக்கை. உயில் எழுதாமல் ஒரு ஹிந்துப் பெண் இறந்தால் அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் என்பது பொது விதி. அவளுடைய அம்மா வெகு தூரத்தில், பின் வரிசையில் நிற்கிறாள். கணவனுடைய உறவினர்களுக்குக் கூட அவளுக்கு முன்னால் இடம்! ஆனால் மருமக்கத்தாயத்தில் வந்தவர்களுக்கு வரிசை வேறு. பிள்ளைகளோடு கூட, முதல் வரிசையிலேயே, அம்மா. கணவனுக்கு இரண்டாவது வரிசையில், மாமனாருக்குப் பக்கத்தில் இடம் போட்டிருக்கிறார்கள்!

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகர்கோவிலில் இறங்கிக்கொள்ளுங்கள், கன்னியாகுமரி அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர்தான், சூரியன் எங்கும் ஓடிவிடாது. சுசீந்திரம் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட்டு, தேரூர்க் குளக்கரை வழியாகப் போங்கள். வடக்கே பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் பக்கம் டவுன் பஸ்கள் போகின்றன. கன்னிப்பூ அறுப்பு நடக்கிற புரட்டாசியில் போனால் வயல் நிறையப் பொன் கிடக்கும். படிப்புரையில் யாராவது ஆச்சி உட்கார்ந்திருந்தால் வெறுமனே தாண்டிப் போய்விடாதீர்கள். "ஆச்சி, சுகமா?" என்று கேளுங்கள். கேட்டால் போதும், மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் எழுந்திருப்பீர்கள். பிரதமன் கிடைத்தாலும் கிடைக்கலாம்.